பணங் கேட்கும் ஆங்கிலம்

விற்ற பொருளுக்குரிய விலையைக் கேட்டுப் பெறுதல் மிக எளிய செயலென்றே பலரும் எண்ணுவர். பொருளைக் கொடுத்தவர் ஒருவர், கொண்டவர் ஒருவர், இருவர்க்குமிடையே நிற்பது ஒரு தொகை. இதிற் சொல்லாராய்ச்சிக்கு இடம் யாதுளது என்று வினவுவாரும் உளர். யானும் சென்ற ஆண்டுவரை அங்ஙனமே கருதியிருந்தேன். ஆங்கிலத்தில் யான் எழுதிய கடிதமொன்றால் எம் குடும்பத்திற்கு நேர்ந்த இழப்பே இப்பொருளைப்பற்றிச் சிந்திக்குமாறு என்னைத் தூண்டியது. தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு ஆங்கிலக் கடிதத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். ஆங்கிலச் சொல்லின் தன்மையை யான் அறிந்துகொண்டது தமிழிலக்கணத்தின் வாயிலாகவே என்பதை மேலே செல்லச் செல்ல அவர்கள் காண்பார்கள்.

என் தந்தையார் சிவகாசியிற் சிறியதோர் அச்சகம் நடத்தி வருகிறார். நாட்காட்டிகளே எம் முதன்மையான தொழில். ஆடிப்பதினெட்டன்று வருகிற ஆண்டிற்குரிய மாதிரி ஆல்பங்கள் ஊரெங்கும் வெளியிடப்பெறும். அன்று தொடங்கி ஆர்டர்கள் வரும். மார்கழி பாதியாவதற்குள் சரக்கு உரியவிடத்திற் போய்ச் சேர்ந்துவிடல் வேண்டும். ஜனவரி பிறந்து பத்து நாட் கழிந்தால் நாட்காட்டி வெறுங் காகிதமே. ஆதலின் சரக்கைப் பெறுவதில் வாங்குவோர் பெரிதும் விரைவர். பணம் அனுப்புவதில் அவ்விரைவு காணப்படுவதில்லை. இதற்கிடையே காகிதக் கடைக்காரர்க்குத் தவணை தவறாமற் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தாக வேண்டும். வாராத தொகைக்காகக் காத்திருப்பவர் முதலாளி ஒருவரே யல்லர். தகரம் அடிப்பவரும் பசை ஒட்டுபவரும் அவரோடு காத்திருக்கின்றனர்.

தமிழ்நாட்டு வாடிக்கையாளராயின் தந்தையார் தொலைபேசியிற் பேசிவிடுவார். முதலில் நலம் விசாரிப்பார். மழை பெய்ததா என்பார். கடைசியில், பேச்சு முடியப்போகிற வேளையில், நம் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள் என்பார். கேட்டவர்க்கும் விளங்கும், கேட்டதாகவும் இராது. வடநாட்டு வாடிக்கையாளரிடத்து இது செல்லாது. அவர்க்குத் தமிழ் தெரியாது; தந்தையார்க்கு இந்தி தெரியாது. ஆகவே இருவர்க்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்திலேயே ஒருவர் கேட்கவும் மற்றவர் விடையிறுக்கவும் வேண்டியிருக்கிறது. தாய்மொழியிற் குரலும் முகமும் செய்கிற வேலையையெல்லாம் இரவல் மொழியிற் சொல் ஒன்றே செய்தாக வேண்டும்.

எம் அச்சகத்தில் நெடுங்காலமாகக் கணக்கெழுதும் முதியவர் ஒருவர் இருக்கிறார். கணக்கப்பிள்ளை ஐயா என்றே அவரை அழைப்போம். அவர்க்கு ஆங்கிலத்திற் பத்துப் பன்னிரண்டு தொடர்கள் மனப்பாடம். ‘வீ ஹம்ப்லி ரிக்வெஸ்ட்’ என்று தொடங்குவார். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று நடத்துவார். ‘அட் யுவர் இயர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்று முடிப்பார். ஒரு வாடிக்கையாளர்க்கு இவ்வண்ணம் ஏழு மாதங்களில் ஐந்து கடிதங்கள் சென்றன. ஐந்தையும் யான் பின்னர் எடுத்துப் பார்த்தேன். தாழ்மை நிரம்ப இருந்தது. தொகை எவ்வளவென்பது ஒரு கடிதத்திலேனும் இல்லை. எந்நாளில் வேண்டுமென்பதும் இல்லை. தமக்கு வசதியானபோது செய்யவேண்டியதைச் செய்யுமாறு பணிந்து வேண்டப்பட்ட அவ்வாடிக்கையாளர், தமக்கு இன்னும் வசதிப்படவில்லை என்று கருதியிருந்தாராயின் அவர்மேற் குற்றஞ் சொல்லுதல் எங்ஙனம்?

மற்றொருவர் பதினோராண்டுகளாக எம்மிடம் நாட்காட்டி வாங்கி வந்தவர். சென்ற ஆண்டு தவணை கழிந்து ஆறு வாரமாகியும் அவரிடமிருந்து பணம் வரவில்லை. விடுமுறைக்கு வீடு சென்றிருந்த என்னை நோக்கித் தந்தையார், “காலேஜில் படிக்கிறாயே, நீதான் ஒரு கடிதம் எழுதிப் போடேன்” என்றார். கணக்கப்பிள்ளை ஐயாவின் கடிதங்களைக் கண்டு சலித்திருந்த யான், வல்லோசை மிக்க மாதிரியொன்றைத் தேடி எடுத்தேன். ‘ஃபைனல் நோட்டீஸ்’ என்பது தலைப்பு. ‘வீ டிமாண்ட் இம்மீடியட் பெய்மெண்ட்’ என்பது முதல் வாக்கியம். ‘ஃபெய்லிங் விச்’ என்று தொடங்கி வழக்கறிஞரைச் சுட்டுவது கடைசி வாக்கியம். எழுதி முடித்தபோது எனக்கிருந்த பெருமிதத்தை இன்று நினைத்தால் நாணமாயிருக்கிறது.

மூன்றாம் நாள் முழுத்தொகையும் வங்கிக்கு வந்து சேர்ந்தது. அதனுடன் இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சலும் வந்தது: தொகை செலுத்தப்பட்டது, எங்கள் கணக்கை முடித்துவிடுக என்பது அதன் பொருள். அடுத்த ஆடியில் அவரிடமிருந்து ஆர்டர் வரவில்லை. லாரி ஆபீஸ்காரர் ஒருவர் வாயிலாகப் பின்னர் அறிந்தோம்: அந்த ஆறு வாரங்களிலேதான் அவருடைய தமையனார் இறந்திருக்கிறார், கடை பூட்டிக் கிடந்திருக்கிறது. எம்மிடமிருந்து அவர்க்குச் சென்ற முதல் நினைவூட்டே இறுதி அறிவிப்பாக அமைந்துவிட்டது. கடிதத்தின் பொருளைத் தமிழிற் சொல்லுமாறு தந்தையார் அப்போதுதான் என்னைக் கேட்டார். சொன்னேன். “அவர் நம் வாசலில் வந்து நின்றிருந்தால் இப்படியா பேசியிருப்பாய்?” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு மீண்ட சில வாரங்களில் தொல்காப்பியச் சொல்லதிகாரத்து எச்சவியல் எமக்குப் பாடமாயிற்று. ஒருவரிடம் ஒன்றைக் கேட்டற்குரிய சொற்கள் ஈ, தா, கொடு என மூன்றென்றும், தாழ்ந்தோன் உயர்ந்தோனைக் கேட்குங்கால் ஈ என்பதும், ஒத்தோன் ஒத்தோனைக் கேட்குங்கால் தா என்பதும், உயர்ந்தோன் தாழ்ந்தோனைக் கேட்குங்கால் கொடு என்பதும் உரியவென்றும் ஆசிரியர் வகுத்துள்ளார். பிற்காலத்து நன்னூலாரும் இவ்வழக்கைத் தழுவிக்கொண்டார். இப்பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் உள்ளம் வகுப்பில் இல்லை, சிவகாசியில் இருந்தது. கணக்கப்பிள்ளை ஐயா ஏழு மாதமாக எழுதியது ‘ஈ’. யான் எழுதியது ‘கொடு’. பதினோராண்டு நட்புடைய வணிகர் இருவர்க்கிடையே வழங்கவேண்டிய ‘தா’ என்பதை எங்களில் ஒருவரும் எழுதவில்லை.

இதனினும் நுட்பமானதொன்று அவ்வியலில் உண்டு. கொடு என்பது இயல்பாற் படர்க்கைக்குரிய சொல். அவனுக்குக் கொடு என்பதே முறை. எனக்குத் தா என்பதே முறை. அவ்வாறாயின் உயர்ந்தோன் தனக்கு வேண்டியதைக் கொடு என்று கேட்பது எங்ஙனம் அமையுமெனின், அவன் தன்னையே பிறனொருவன்போல வைத்துக் கூறுகின்றான் என்று ஆசிரியர் அமைதி காட்டுகின்றார். ஆங்கில அலுவலகக் கடிதங்களில் ‘தி அண்டர்சைண்டு’ என்றும் ‘தி கம்பெனி’ என்றும் எழுதுவோர் தம்மைத் தாமே படர்க்கையாக்கிக்கொள்வதை நோக்குக. ‘நான்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ சொல்லவேண்டியவர் கீழே ஒப்பமிட்டுள்ளவர் என்று தம்மைச் சுட்டுகின்றார். தம்மைப் பிறனாக்கி நிறுத்துவோர் தம் ஆசனத்தை உயர்த்திக்கொள்கின்றனர் என்பதைத் தொல்காப்பியனார் கண்டது வியத்தற்குரியதே.

ஆங்கிலத்தில் இம்மூன்று வினைகள் இல்லை. ‘பே’ என்னும் ஒரே வினையை இரவலனும் ஆளுகின்றான், அரசாங்கமும் ஆளுகிறது. உயர்வு, ஒப்பு, தாழ்வு என்னும் வேறுபாடுகளை அம்மொழி வினையில் வைக்காது வினையைச் சூழ்ந்த சிறு சொற்களில் வைத்துள்ளது. ‘பிளீஸ்’, ‘கைண்ட்லி’, ‘வுட்’, ‘குட்’, ‘மஸ்ட்’, ‘ஷல்’ என்பன அவை. அகராதியைப் புரட்டுவோர்க்குப் பெரிய சொற்களின் பொருள் கிடைக்கும்; இச்சிறு சொற்களின் சுவை கிடைப்பதில்லை. நம்மவர் இடறுவதும் பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

‘கைண்ட்லி’ என்பதையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் அது தயவுசெய்து என்பதற்கு நேரான மரியாதைச் சொல். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கட்டளைக்குமுன் இச்சொல்லை வைத்தால், பொறுமை இழந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோலப் பலர் செவிக்குப் படுகிறது. இன்னொரு தீங்கும் சேர்ந்திருக்கிறது: மின்னஞ்சலிற் பணம் பறிக்கும் வஞ்சகர்கள் இச்சொல்லை மிகுதியாக ஆண்டுவிட்டமையால், அதனைக் கண்டவுடன் ஐயுறுவோரும் உளர். ‘பிளீஸ்’ ஒன்றே போதும். அதுவும் ஒருமுறை போதும். ஒரு கடிதத்தில் மூன்று ‘பிளீஸ்’ வருமாயின் அது மறுபடியும் ‘ஈ’ ஆகிவிடுகிறது.

‘டூ த நீட்ஃபுல்’ என்பது முற்காலத்து ஆங்கிலேயர் வழங்கிய தொடரே. அவர்கள் நாட்டில் அது வழக்கொழிந்து போயிற்று. நம் நாட்டில் அலுவலகந்தோறும் உயிரோடிருக்கிறது. பழமை காரணமாக அதனை யான் வெறுக்கவில்லை. பழஞ்சொற்களைப் பயில்வதே எம் படிப்பு. அத்தொடரின் குற்றம் இன்னது செய்க என்று சொல்லாமை. ‘யூ ஆர் ரிக்வெஸ்டெட்’ என்பதோ அறிவிப்புப் பலகையின் மொழி. கேட்பவர் யாரென்று அதில் இல்லை. இத்தொடரின் தீமை ஆங்கிலத்தோடு நின்றபாடில்லை. பயணிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று பேருந்து நிலையந்தோறும் முழங்கும் தமிழ் இதன் நிழலன்றி வேறன்று. இதைப்பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதவேண்டும், ஈண்டு விடுத்தேன்.

‘அட் யுவர் இயர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்பது செவிக்கு இனிது. ஆனால் நாள் குறிக்கும் உரிமையைக் கடன்பட்டவர் கையில் ஒப்படைத்துவிடுகிறது. ‘இம்மீடியட்லி’ என்பது கடுமையானது. ஆயினும் அதுவும் நாள் குறிப்பதன்று. 15 ஜனவரி என்று எழுதினால் அதில் இனிப்புமில்லை, கசப்புமில்லை, ஐயத்திற்கும் இடமில்லை. கடல்கடந்த நாடுகளுக்கு எழுதுவோர் மாதத்தின் பெயரைச் சொல்லாலேயே எழுதுதல் நன்று. 5/2 என்று எழுதினால் நமக்கு அது பிப்ரவரி 5. அமெரிக்கர்க்கோ மே 2. மூன்று மாதம் அவர்க்குத் தானாகவே தவணை கிடைத்துவிடும்.

இனி, கடனைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். ‘யூ ஓ அஸ்’ என்னும் வாக்கியத்திற் கடன்பட்டவரே எழுவாய். அவர் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டுவதுபோன்றது அது. ‘இன்வாய்ஸ் 214 வாஸ் டியூ ஆன் 15 ஜனவரி’ என்றால் எழுவாய் பட்டியலாகிவிடுகிறது. ஆளைவிட்டுக் காகிதத்தின்மேல் விரல் செல்கிறது. செய்தி ஒன்றே, ஆயின் பின்னதைப் படிப்பவர் தம்மைக் காத்துக்கொள்ள வாதம் தேடாமல் அந்தப் பட்டியலைத் தேடுவார். எழுவாயை மாற்றுவதனால் இத்துணைப் பயன் விளையுமென்று இலக்கண வகுப்பில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்பது நிலுவையையும் குறிக்கும், தலைசிறந்ததையும் குறிக்கும். ‘யுவர் அவுட்ஸ்டாண்டிங் அமௌண்ட்’ என்று எழுதுவதில் இலக்கணப் பிழையில்லை. எனினும் ‘டியூ’ என்னும் சிறு சொல் இருக்க அதை ஏன் தேடவேண்டும்? தவணை நாள் கழியுமுன் ‘ஓவர்டியூ’ என்று எழுதுவோரையும் கண்டிருக்கிறேன். நாள் கழிந்ததற்கே அப்பெயர். கழியாததை அவ்வாறு கூறுதல் பொய்க் குற்றச்சாட்டாகும்.

‘டியூ’ என்பதும், கடமையைக் குறிக்கும் ‘டியூட்டி’ என்பதும், கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்பதும் ‘டெபேரே’ என்னும் ஒரே இலத்தீன் வினையின் வழிவந்தவை. செய்யத்தக்கது என்று பொருள்படும் ‘ஆட்’ என்னும் துணைவினையோ கடன்படுதலைக் குறிக்கும் ‘ஓ’ என்பதன் பழைய இறந்தகால வடிவம். நம் மொழியிலும் கடன் என்பது வாங்கிய பொருளையும் குறிக்கும், செய்யவேண்டிய கடமையையும் குறிக்கும். புறநானூற்றிற் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரியனவாகச் சொல்லும் கடன் இக்கடமையே. தொடர்பற்ற இரண்டு மொழிகள் ஒரே சொல்லில் இவ்விரண்டையும் வைத்திருப்பதால், விலையைக் கேட்பது ஒருவருடைய கடமையை அவர்க்கு நினைவூட்டுவதேயாம் என்பது பெறப்படுகிறது. கடமையை நினைவூட்டுவோர் கெஞ்ச வேண்டுவதில்லை, உறுமவும் வேண்டுவதில்லை. ‘பே’ என்னும் சொல்லின் வரலாறோ இன்னும் இனிது. சமாதானப்படுத்துதல் என்று பொருள்படும் இலத்தீனச் சொல்லினின்று அது பிறந்தது. யான் பெற்ற தொகைக்கு அப்பெயர் பொருந்துமா என்பதைப் படிப்போரே கூறுக.

நம் வணிகர் ஆங்கிலத்திற் கெஞ்சுவதற்குக் காரணம் அவர்தம் இயல்பன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் நம்மவர் பயின்ற ஆங்கிலக் கடிதம் பெரும்பாலும் விண்ணப்பக் கடிதம். தம்மைக் கீழ்ப்படிதலுள்ள ஊழியர் என்று சொல்லி ஒப்பமிடும் வழக்கு அலுவலகங்களில் நிலைத்திருந்தது. அத்துரைகள் 1947இற் சென்றுவிட்டனர். அவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடை மட்டும் கணக்கப்பிள்ளை ஐயாவின் மேசைவரை வந்து தங்கிவிட்டது. மிரட்டும் நடைக்கும் அதே ஊற்றுத்தான். விண்ணப்பம் மேனோக்கிச் சென்றது. உத்தரவு கீழ்நோக்கி வந்தது. இரண்டையும் கற்றோம். ஒத்தார் ஒத்தார்க்கு எழுதும் ஆங்கிலத்தை நமக்குக் கற்பிப்பார் அக்காலத்தில் அரியராயினர்.

திருமறையிலும் பணங் கேட்டல் பலவிடத்து வருகிறது. பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பெற்ற ஊழியக்காரன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனைத் தொண்டையைப் பிடித்து நெருக்குகின்றான். அவன் கேட்ட தொகை உண்மையிலேயே அவனுக்கு வரவேண்டியதே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ‘ஃபைனல் நோட்டீஸ்’ எழுதிய எனக்கு அவன்மேற் கல்லெறிய உரிமையில்லை. பவுல் அப்போஸ்தலர் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் வேறு வகை. ஒநேசிமு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் வைக்குமாறும், தாமே அதைச் செலுத்துவதாகவும் அவர் தம் கைப்பட எழுதுகிறார். அதே மூச்சில், பிலேமோன் தம்மையே பவுலுக்குக் கடனாகச் செலுத்தவேண்டியவர் என்பதைத் தாம் சொல்லவேண்டுவதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். சொல்லவேண்டுவதில்லை என்று சொல்லியே சொல்லிவிடும் இத்திறம் சிறைக்கூடத்திலிருந்து ஆவிக்குரிய மகனொருவனுக்காகப் பரிந்து எழுதிய முதியவர்க்குப் பொருந்தும். ‘வீ நீட் ஹார்ட்லி ரிமைண்ட் யூ’ என்று எழுதும் வணிகர்க்குப் பொருந்தாது. அங்கே அன்பு இல்லாமையால் ஊசி மட்டும் எஞ்சுகிறது.

‘டிமாண்ட்’ என்னும் சொல்லையே ஒழித்துவிட வேண்டுமென்பது என் கருத்தன்று. அதற்குரிய காலம் உண்டு. வாடிக்கையாளர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பிவிட்டால், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி, அச்செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலமாகத் தொகையைக் கோரி அறிவிப்பு அனுப்புதல் வேண்டும். அதனைப் பெற்ற நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அவர் செலுத்தவேண்டும். ஈண்டுக் கோருதல் இன்றியமையாதது. பணிவான வேண்டுகோளாக எழுதிவிட்டு நீதிமன்றம் செல்வோர் இடர்ப்படுவர். மனிதர்க்கிடையே ‘தா’ என்பது தோற்றபின் சட்டத்தின் வாயாற் ‘கொடு’ என்று கேட்பது முறையே. முதற் கடிதத்திலேயே அக்குரலை எடுத்ததுதான் யான் செய்த பிழை.

சிறு தொழிலார்க்குத் துணையாக 2006இல் இயற்றப்பட்ட குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான சட்டமும் இருக்கிறது. குறுந்தொழிலாரிடமும் சிறுதொழிலாரிடமும் பொருள் பெற்றவர், எழுத்தில் எவ்வளவு தவணை பேசியிருப்பினும், 45 நாட்களுக்குமேல் தாழ்த்தலாகாது. தாழ்த்தினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தின் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டப்பெறும் கூட்டுவட்டியோடு செலுத்துதல் வேண்டும் என்பது அச்சட்டம். ஆயினும் அடுத்த ஆண்டு ஆர்டர் போய்விடுமே என்னும் அச்சத்தால் சட்டத்தின் பெயரை வாயால் உச்சரிக்கவும் அஞ்சுவோர் எம் தெருவிலேயே பலர். அதைப் பூசலின் நடுவே எடுத்து வீசினால் அது மிரட்டலாகும். பட்டியலின் அடியில், சரக்கு அனுப்பும் நாளிலேயே, தவணை நாளோடு ஒரு வரியாக அச்சிட்டு வைத்தால் அது செய்தியாகும். அச்சகம் வைத்திருப்போர்க்கு அவ்வொரு வரி அச்சிடுதல் அரிதோ?

இன்னொரு வாக்கியமும் பயனுடையது. நிலுவை இவ்வளவு என்று எங்கள் ஏட்டிற் காண்கிறது, உங்கள் ஏட்டிலும் அவ்வாறே உள்ளதா என்று கேட்பது அது. இதைவிட மென்மையான கேள்வி இல்லை. ஆயினும் அவர் ஆம் என்று எழுதி ஒப்பமிட்டு அனுப்பினால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, வழக்கிடுதற்குரிய மூன்றாண்டு அந்த ஒப்பத்தின் நாளிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. மூன்றாண்டு கழியுமுன் அது பெறப்பட்டிருத்தல் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எம் கணக்கப்பிள்ளை ஐயாவின் ஐந்து கடிதங்களும் செய்யாததை இவ்வொரு வினா செய்திருக்கும்.

கடுஞ்சொல்லே பணத்தைக் கொணரும் என்று வாதிடுவார்க்கு என் கடிதமே சான்றாகத் தோன்றலாம். மூன்றே நாளிற் பணம் வந்ததன்றோ? வந்தது. ஆயின் அந்த வாடிக்கையாளர் நேர்மையாளர் ஆதலால் வந்தது. கொடுக்க மனமில்லாதவர் அக்கடிதத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. அவர் அதுபோற் பல கண்டவர். கடுஞ்சொல் தைப்பது நல்லவரையே. விடுதித் தோழர் ஒருவர், இக்காலத்தில் இதற்கெல்லாம் ஏன் மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டும், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் எழுதித் தந்துவிடுமே என்றார். கேட்டுப் பார்த்தேன். பிழையற்ற ஆங்கிலமே வந்தது. பதினோராண்டுப் பழக்கமென்பதை யான் சொன்னாலன்றி அது அறியாது. சொல்லவேண்டுமென்பதை அறியாதிருந்ததுதானே என் குற்றம்?

ஏழு மாதம் தாழ்த்திய அந்த முதல் வாடிக்கையாளர்க்குச் சென்ற விடுமுறையில் மீண்டும் ஒரு கடிதம் எழுதினேன். பட்டியலின் எண், சரக்குப் போய்ச் சேர்ந்த நாள், தொகை ரூ. 18,400, தவணை கழிந்த நாள் ஆகியவை முதல் இரண்டு வரியில் அடங்கின. அனுப்பியிருந்தால் வங்கிக் குறிப்பெண்ணைத் தெரிவிக்குமாறும், சரக்கிற் குறையேதும் இருந்தால் சொல்லுமாறும் மூன்றாவது வரியில் எழுதினேன். எந்த நாளில் எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி நான்காவது வரி. அவ்வளவே. தந்தையாரிடம் தமிழிற் சொல்லிக் காட்டினேன். சரக்கிற் குறையிருந்தால் என்னும் வரி எதற்கு, நாமே குறை கற்பிப்பதாகாதா என்றார். தாழ்த்துவோர்க்கு உண்மையான காரணம் இருந்தால் அதை மதிப்போடு சொல்ல ஒரு வாயில் வேண்டும் என்றேன். சிறிது நேரம் எண்ணியிருந்து, இருக்கட்டும் என்றார். கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு மட்டும் மனநிறைவில்லை. ஓரிடத்திலேனும் ‘ஹம்ப்லி’ போடக்கூடாதா என்று கேட்டார். அவர் முகத்திற்காகக் கீழே என் பெயருக்குமேல் ‘வித் ரிகார்ட்ஸ்’ என்று சேர்த்தேன்.

நான்காம் நாள் மறுமொழி வந்தது. இரண்டு கட்டுகள் மழையில் நனைந்து வந்தனவென்றும், யாரிடம் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தார். அவ்விரண்டு கட்டின் விலையைக் கழித்துக்கொண்டோம். எஞ்சியது இரண்டு தவணையில் வந்தது.

கணக்கை முடிக்கச் சொன்ன பழைய வாடிக்கையாளர்க்கும் வருகிற ஆடிப்பதினெட்டுக்கு ஓர் ஆல்பம் அனுப்பவேண்டுமென்று தந்தையார் சொல்லியிருக்கிறார். அதனுடன் வைக்கவேண்டிய கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அவர் தமையனாரைப்பற்றிய வரி ஆங்கிலத்தில் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.